பத்தாவது இடத்துக்கு ஒரு வாக்கு

தொலைபேசி ஆறாவது தடவை அடித்த பிறகுதான் ஆர்னி கோவாச் எடுத்தார்.

கையில் சூப் கிண்ணம் இருந்தது. பிப்ரவரியில் மனைவி மார்கிட் இறந்ததிலிருந்து மதியச் சாப்பாட்டை அடுப்படியில் நின்றபடியே முடித்துக்கொள்வது அவருக்கு வழக்கமாகியிருந்தது.

மறுமுனையில் ஓர் ஆண்குரல் தயங்கித் தயங்கிப் பெயரைச் சொன்னது. லைல் ஹெல்ட். டல்சா என்ற ஊரிலிருந்து பேசுவதாகச் சொன்னது.

மூன்று நாட்களாகக் கோவாச் மறக்கப் பார்த்துக்கொண்டிருந்த பெயர் அது.

செவ்வாய்க்கிழமை காலைப் பேப்பரில் விருது முடிவு வந்திருந்தது. அந்த ஆண்டின் மிக மதிப்புமிக்க பேஸ்பால் ஆட்டக்காரர் ரேமண்ட் டோப்ஸ். வாக்களித்த விளையாட்டு நிருபர்கள் இருபத்தெட்டுப் பேர்; கோவாச்சும் அவர்களில் ஒருவர். ஒருவர் பாக்கியில்லாமல் அத்தனை பேரும் முதலிடத்தை டோப்ஸுக்கே கொடுத்திருந்தார்கள்.

நிருபர் ஒவ்வொருவரும் பத்துப் பெயர்களை வரிசையாக எழுதித் தர வேண்டும். பத்தாவது பெயருக்கு ஒரே ஒரு புள்ளி.

பட்டியலின் அடியில், கண்ணாடி போட்டாலும் சிரமப்பட்டுப் படிக்க வேண்டிய எழுத்தில், கடைசி வரி இருந்தது. லைல் ஹெல்ட், 1.

டெக்சாஸ் அணியில் யாருக்காவது கால் பிசகினால் இறக்கிவிடப்படும் ஆள் லைல். கோவாச் எழுத நினைத்தது அவரை அல்ல. சியாட்டில் அணியின் லெஸ் ஹெல்ட்டை. மனம் ஒன்றை நினைக்க, கை இன்னொன்றை எழுதிவிட்டது.

யார் எந்தப் பெயரை எழுதினார்கள் என்பது வெளியே வராது. அலுவலகத்தில் அந்த ஒற்றைப் புள்ளியைக் கொடுத்த மடையன் யாரென்று மூன்று நாளாக ஒரே சிரிப்பு. கோவாச்சும் கூடவே சிரித்தார். தவறு வெளியே தெரிந்தால் அவருடைய வாக்குரிமையை வாங்கிக்கொள்ள இளைய நிருபர்கள் வரிசையில் நிற்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியும்.

லைல் ஹெல்ட் தொந்தரவுக்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். வாக்களித்தவர்களின் பட்டியலைத் தெரிந்த ஒருவரிடமிருந்து வாங்கினாராம். செவ்வாய்க்கிழமையிலிருந்து ஒவ்வொருவராக அழைத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறாராம். இருபத்தேழு பேரிடமும் பேசியாகிவிட்டது. யாருமே தான் இல்லை என்றார்களாம். இரண்டு பேர் சிரித்தார்களாம்.

"நீங்கதான் சார் பாக்கி" என்றார். "அந்தப் பத்தாவது எடம், நீங்க போட்டதா?"

கோவாச் கிண்ணத்தைக் கீழே வைத்தார். ஜன்னலுக்கு வெளியே ஏரிப் பக்கமிருந்து வந்த பனி, எதிர்வீட்டுக் காரை ஏறக்குறைய மூடியிருந்தது.

இல்லை என்று சொல்வது சுலபம். இருபத்தேழு 'இல்லை'களோடு இன்னொன்று, அவ்வளவுதான். அந்த மனிதர் போனை வைத்துவிட்டுப் போய்விடுவார்.

"ஆமாப்பா" என்றார் கோவாச். "நான்தான் போட்டேன்."

ஏன் என்று லைல் மெதுவாகக் கேட்டார்.

ஹெல்ட் என்ற பெயரைப் பத்தாவதாக எழுத வைத்த காட்சி கோவாச்சின் கண்ணிலேயே இருந்தது. அதைச் சொல்லத் தொடங்கினார்.

ஆகஸ்ட் மாதம், இங்கே கிளீவ்லண்டில். தூறிக்கொண்டிருந்தது. ஜெயித்தாலும் தோற்றாலும் எதுவும் மாறாத ஒரு ஆட்டம். அரங்கில் நாலாயிரம் பேர்கூட இல்லை. உயரே கிளம்பிய பந்து பக்கவாட்டில் இருக்கைகளை நோக்கிப் போகிறது. யாரும் அதன் பின்னால் ஓட மாட்டார்கள். நீ ஓடினாய். தடுப்பைத் தாண்டித் தலைகுப்புற விழுந்து, நாற்காலிகளுக்கு நடுவே காணாமல் போனாய். எழுந்தபோது தாடையெல்லாம் ரத்தம். பந்து கையுறைக்குள் இருந்தது.

மார்கிட்டின் சாவுக்குப் பிறகு தன் கை தானாகத் தட்டியது அந்த ஒரு தடவைதான் என்பதையும் கோவாச் சொன்னார். அதை அவர் வேறு யாரிடமும் சொன்னதில்லை.



"சார்" என்றார் லைல். "அது லெஸ். நான் ஆகஸ்ட்ல எந்த டீம்லயும் இல்ல. ஜூலையிலயே என்னை வீட்டுக்கு அனுப்பிட்டாங்க."

கோவாச்சுக்குக் காது சுட்டது. மன்னிப்பாக ஏதோ சொல்ல வாயெடுத்தார்; லைல் விடவில்லை.

தவறு நடந்திருக்கிறது என்று பேப்பரைப் பார்த்த நிமிடமே தனக்குப் புரிந்துவிட்டது என்றார். ஜூலையிலிருந்து தன் வீட்டு போன் அடித்ததே இல்லை என்றும், அதனால்தான் தானே எடுத்து அழைக்க ஆரம்பித்ததாகவும் சொன்னார். கேட்பதற்கு ஒரு கேள்வி கிடைத்தது, அவ்வளவுதான்.

"இருபத்தேழு பேரும் உண்மையச் சொன்னாங்க சார். நீங்க ஒருத்தர்தான் எனக்காக ஒரு கதை சொன்னீங்க."

லைலே மறுபடியும் கேட்டார்.

"நான் எந்திரிச்ச பிறகு என்ன நடந்துச்சு? சொல்லுங்க."

கோவாச் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நீ எந்திரிச்சு பந்தைத் தூக்கிக் காட்டினே, லைல்" என்றார். "இருந்த நாலாயிரம் பேரும் மழையில எந்திரிச்சு நின்னாங்க."