ஃபுல் சார்ஜ்

"சார்ஜை ஃபுல்லா முடிச்சிட்டு வண்டியக் கொண்டாங்கன்னு நீதானம்மா சொன்ன? இப்ப ஏத்த மாட்டேன்னா என்ன அர்த்தம்?"

ஞானதுரை போட்ட சத்தத்தில், எண்ணூர் துறைமுக வாசலில் வரிசையாக நின்ற டிரெய்லர் டிரைவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். எழில்மொழிக்குக் காது வரை சுட்டது. வெளிநாட்டுக்கு வண்டி அனுப்பிவைக்கும் ஏஜென்ட் ஆபீசில் நாலு வருஷமாக வேலை பார்க்கிறாள். இதுவரை யாரும் அவளை இப்படி நடுரோட்டில் நிறுத்திக் கத்தியதில்லை.

"சார், நான் சொன்னது எங்க ஆபீஸுக்குக் கட்ட வேண்டிய சார்ஜ். பாட்டரி சார்ஜ் முப்பது பர்சென்ட்டுக்குள்ள இருக்கணும்னு அடுத்த வார்த்தையே சொன்னேன். இது எலெக்ட்ரிக் கார். பாட்டரி ஃபுல்லா இருந்து தீப்பிடிச்சா லேசுல அணைக்க முடியாது. கப்பல்காரங்க தொட மாட்டாங்க."

"சார்ஜ்னா சார்ஜ்தான! அதுல ஆபீஸ் சார்ஜ் என்ன, பாட்டரி சார்ஜ் என்ன? ராயபுரத்துல அரிசி மண்டி வச்சிருக்கவன் நான். எனக்கு வெளங்குத மாதிரி சொல்ல வேண்டாமா?"

யார்டில் வண்டிகளைக் கப்பலுக்குள் ஓட்டிப்போய் நிறுத்துகிற வரதன், காருக்குள் தலையை விட்டுப் பார்த்தான். டிஸ்பிளேயில் சுளையாக நூறு என்று காட்டியது.

"பெட்ரோலா இருந்தா டியூப வுட்டு உறிஞ்சிடலாம் அண்ணாச்சி. கரண்ட்ட இன்னான்னு உறியறது?" என்றான். யாரும் சிரிக்கவில்லை.

"துறைமுக கேட்டை எத்தன மணிக்கு மூடுவான்?" என்றார் ஞானதுரை.

"பன்னெண்டு சார். இப்பவே பதினொண்ணேகால்."

"அடுத்த கப்பலு?"

"அடுத்த மாசம் ஒம்போதாம் தேதி."

"சத்தமாச் சொல்லு!"

"ஒம்போதாம் தேதி சார்!"

"அதுக்குள்ள வண்டிக்கு மூணு வயசு முடிஞ்சிருமே! மூணு வருசம் தாண்டுன பழைய வண்டிய கொழும்புல எறக்க விட மாட்டாம்லா!"

எழில்மொழிக்கு அது தெரியும். பேப்பர் கொடுக்க வந்த அன்றே எல்லாக் கதையையும் சொல்லியிருந்தார். மகள் ஜெஸ்லினைக் கொழும்பில் கட்டிக் கொடுத்திருக்கிறார். அங்கே கார் விலை கேட்டாலே மயக்கம் வருமாம். அதனால் கல்யாணத்துக்கு முன்னால் ஜெஸ்லின் ஓட்டிக்கொண்டிருந்த காரின் மேல் சம்பந்தியம்மாவுக்குக் கண். 'கார் வந்து இறங்காமல் மருமகள் என் வாசற்படியை மிதிக்கக் கூடாது' என்று சர்ச் பெரியவர்களை வைத்துக்கொண்டே சொல்லிவிட்டாளாம். நாலு மாதமாக அந்தப் பெண் அப்பா வீட்டில்தான் இருக்கிறாள்.

இன்றைக்கு இந்தக் கார் கப்பல் ஏறாவிட்டால் அவள் வாழ்க்கை அவ்வளவுதான். வாங்கிய திட்டை விட அதுதான் எழில்மொழியின் மனசை அறுத்தது. ஒருவேளை நாம்தான் போனில் அவசரமாகச் சொல்லிவிட்டோமோ என்றுகூட நினைத்தாள்.

"ஏசிய முழுசா வச்சி ஒரு ரவுண்டு ஓட்டிட்டு வந்தா?" என்று வரதனைக் கேட்டாள்.

"கும்மிடிப்பூண்டி போய்ட்டு வந்தாக்கூட பாதி கொறையாது. முக்காமணி நேரத்துல எழுபது பர்சென்ட்ட எங்க கொண்ட்டு போய்க் கொட்றது?"

"அப்ப எம் மக கதி?" ஞானதுரை காரின் கூரையில் படாரென்று அடித்தார். "நீ பண்ணுன தப்புக்கு அவ வாழாம இருக்கணுமா? உன் முதலாளிட்டப் பேசி உன் சீட்டக் கிழிக்காம விட மாட்டேன். வாயத் தொறந்து சொல்லு, இந்த வண்டி போகுமா போகாதா?"

அதோடு எழில்மொழியின் பொறுமை போயிற்று. ஆபீஸ் தமிழ் பறந்தது. பிறந்து வளர்ந்த வியாசர்பாடி வாயில் வந்து உட்கார்ந்துகொண்டது.

"போவாது! இன்னிக்கும் போவாது, இனிமே எப்பவும் போவாது! போதுமா? கார் வந்தாத்தான் பொண்டாட்டி வோணும்ன்றானே, அவன்லாம் இன்னா ஆம்பள? நீ காருக்குக் கண்ணாலம் பண்ணிக் குட்த்தியா, பொண்ணுக்குப் பண்ணிக் குட்த்தியா? அந்த வூட்டாளுங்கள கேக்க வேண்டியத என்னாண்ட கேட்டுகினு கீற!"

வரதன் வாயைப் பொத்திக்கொண்டான். சொல்லி முடித்த பிறகுதான் எழில்மொழிக்கு உறைத்தது. வேலை போனது போனதுதான். போகட்டும், எத்தனை நேரம்தான் கேட்டுக்கொண்டிருப்பது?

ஞானதுரை சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். திரையில் அழைப்பு ஓடிக்கொண்டிருந்தது. இருபத்திரண்டு நிமிஷம் ஆகியிருந்தது.

"மாப்ள, லைன்லதான இருக்கிய? எல்லாத்தையும் உங்க காதாலேயே கேட்டாச்சுல்லா? கடைசியா இந்தப் பிள்ள கேட்டதும் விழுந்துச்சுல்லா? வண்டி இனி வராது. வண்டியில்லாம வாசப்படி மிதிக்கக் கூடாதுன்னு உங்கம்மை சொன்ன சொல்ல நான் எப்படி மீறுவேன்? ஜெஸ்லின் இங்கயே இருக்கட்டும்."

போனை அணைத்துப் பைக்குள் போட்டார். பிறகு எழில்மொழியைப் பார்த்து இரண்டு கைகளையும் கூப்பினார். இத்தனை நேரம் கத்திய மனுஷனா என்று தோன்றும்படி குரல் தணிந்திருந்தது.

"கோவிச்சுக்கிடாத தாயி. அவ கைய முறிச்சு அனுப்புன வீடு அது. போக மாட்டேன்னு பிள்ள அழுதா, சொந்தக்காரனெல்லாம் அனுப்பு அனுப்புன்னு நிக்கான். முப்பதுக்குள்ள இருக்கணும்னு நீ தெளிவாச் சொன்னதாலதாம்மா நூறு வச்சேன்."