சைரன் அடித்தால்

"குண்டு விழப்போவுதுன்னு சைரன் அடிச்சு எல்லாரும் பதுங்கு அறைக்கு ஓடுனப்போ, நீ மட்டும் ஏம்மா ஓடல?"

கோயில் பாராட்டு விழாவில் பங்குச்சாமியார் இப்படிக் கேட்டபோது, ரிஞ்சு சிரித்து மழுப்பிவிட்டாள். இஸ்ரேலில், படுக்கையிலேயே கிடக்கும் ஒரு மூதாட்டியைக் கவனிப்பது அவள் வேலை; 'அம்மச்சி' என்றுதான் அழைப்பாள். விடுப்பு முடிந்து இன்று அங்கே திரும்புகிறாள்.

அப்பா சூசையப்பன் வாசலை மறித்து நின்றார். "பொன்னாடை போத்துனது போதும். வீரத்தை இங்கன காட்டு."

"வீரமெல்லாம் இல்லப்பா. நம்ம எஸ்டேட்டுல சைரன் அடிச்சா என்ன செய்வோம்?"

"வேலைக்குப் போவோம்."

"நானும் அதான் செஞ்சேன். அங்க போன மறுநாளே சைரன் அடிச்சதும், வேலைக்கு நேரமாச்சுன்னு அம்மச்சியைத் துடைச்சுவிட ஆரம்பிச்சுட்டேன்."

சூசையப்பன் விழுந்து விழுந்து சிரித்தார். "ஏட்டி கூறுகெட்டவளே! இதுக்கா பொன்னாடை? தெரியாம உக்காந்திருந்தவளுக்கு இப்பத்தான் தெரிஞ்சுபோச்சே, பேசாம ஊட்டுல கெட."

"அன்னைக்குச் சாயங்காலமே தெரிஞ்சிருச்சுப்பா."

"பொறவு?"

"பொறவும் அடிச்சுக்கிட்டேதான் இருந்துச்சு. அம்மச்சியால எந்திரிக்க முடியாதேப்பா."

சூசையப்பனின் சிரிப்பு நின்றது. பிறகு அவளுடைய பெட்டியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு, வண்டிப்பெரியார் பஸ் நிற்கும் இடத்தை நோக்கி நடந்தார்.