ஸ்கேனரை விடாத கமலம்

"தேவி, ஸ்கேனர் திரும்பவும் வரல. கமலம் அக்கா பிடிச்சிகினு விடமாட்டேங்கறாங்க."

டிசைன் அறையிலிருந்து ஜெயவேலின் குரல். தேவிப்ரியா பெருமூச்சோடு எழுந்தாள்.

சம்பந்தம் சாரின் பட்டுச்சேலை ஆபீசில் இருந்தது ஒரே ஒரு பிரிண்டர். ஸ்கேனரும் அதிலேயே. அது தேவிப்ரியாவின் மேஜையில் இருந்ததால் ஆபீஸே அவள் மேஜையைச் சுற்றித்தான் நிற்கும். புட்டா டிசைனை ஸ்கேன் செய்ய ஜெயவேல் வருவார். லாரி ரசீதோடு கணக்கெழுதும் கமலம் அக்கா வருவார். எதிரே ஆள் வந்தால் கீழே எதையோ தேடுவதுபோல் குனிந்துகொள்கிற பெண்ணுக்கு, அது சந்தைக்கு நடுவில் நாற்காலி போட்ட மாதிரி.

அதற்காகத்தான் ஆபீஸ் கம்ப்யூட்டர்களை எல்லாம் இணைக்கும் ஒரு கறுப்புப் பெட்டியை வாங்கச் சொன்னாள். எல்லா டிசைனையும் அதில் சேமித்து வைக்கலாம். பிரிண்டரை நடைவழிக்கு மாற்றி, பெட்டியின் முதுகில் அதன் யுஎஸ்பி ஒயரைச் செருகிவிட்டால், அவரவர் கம்ப்யூட்டரிலிருந்தே அச்செடுக்கலாம், ஸ்கேன் செய்யலாம். யாரும் அவளிடம் வர வேண்டாம். கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்ததற்கு இதைவிட என்ன பயன்?

"பொங்கல் வரைக்கும் பார்க்கிறேன்," என்றார் சார். "சரியா ஓடலைன்னா பெட்டியும் போவும், நீயும் போவ வேண்டியதுதான்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அவள் சம்பளத்தை நம்பித்தான் தம்பி பாலிடெக்னிக்கில் சேர்ந்திருந்தான்.

பெட்டி நன்றாகவே ஓடியது. ஒரே ஒரு விதிதான். ஸ்கேனரை ஒரு நேரத்தில் ஒரு கம்ப்யூட்டர்தான் பிடித்துக்கொள்ளும். வேலை முடிந்ததும் திரையில் 'ரிலீஸ்' பட்டனை அழுத்தி விட்டுவிட வேண்டும். விடாவிட்டால் மற்றவர்களுக்குக் கிடைக்காது.

எல்லோரும் விட்டார்கள். கமலம் அக்கா மட்டும் விடவில்லை.

"உடும்புப்பிடிப்பா," என்பார் ஜெயவேல்.

"என்னக்கா, இன்னிக்கும் ரிலீஸ் பண்ணலையா?" என்று கமலம் அக்காவிடம் கேட்டாள் தேவிப்ரியா.

"என்ன பண்றது கண்ணு? தறியில பாவு நூல் முடிஞ்சாக்கூட எங்க வீட்டுல முழுசா அறுத்து எடுக்க மாட்டோம். கொஞ்சம் விட்டு வெச்சு, அதுலதான் அடுத்த பாவு நூலைப் பிணைப்போம். கை அப்படியே பழகிப்போச்சு."

ஒரு பட்டனை அழுத்தாததற்கு இப்படியும் ஒரு காரணமா என்று தேவிப்ரியா மனசுக்குள் பல்லைக் கடித்தாள். பெரிய எழுத்தில் 'ரிலீஸ்' என்று எழுதி, அம்புக்குறி போட்டு, திரைக்குப் பக்கத்தில் ஒட்டினாள். மறுநாள் வந்து பார்த்தால் அதன்மேல் ஒரு குங்குமப் பொட்டு. ஸ்கேனர் மட்டும் விடுபடவில்லை.

பொங்கல் நெருங்கியது. இந்த அக்காவால் என் வேலை போகப்போகிறது என்று அவளுக்கு உறுதியாகிவிட்டது. தண்ணீர் கேன் முன்னால் நின்று பேச வேண்டியதை ஒத்திகை பார்த்தாள். கேன் எதிர்த்துப் பேசவில்லை. அந்தத் தைரியத்தோடு சாரின் அறைக்குள் போனாள்.

"சார், பெட்டியில தப்பே இல்ல."

"அப்படியா?"

"ஒரு தடவை மாட்டிட்டா போதும் சார். பக்கத்துல ஆளே வேணாம். தானா ஓடும். கமலம் அக்காதான்…"

"ஆளே வேணாமா?"

"வேணாம் சார்." பெருமையில் குரல் ஏறியது. "நான்கூட வேணாம்."

அவள் பிறந்ததிலிருந்து திக்காமல் திணறாமல் பேசிய ஒரே பேச்சு அதுதான். பேசி முடித்த பிறகுதான் என்ன பேசினோம் என்பது அவளுக்கே உறைத்தது.

சார் கண்ணாடியைக் கழற்றினார்.

"எம்புள்ள சதீஷும் இதத்தாம்மா சொல்லிகினு இருந்தான். பெட்டி தானா ஓடும்னா அந்தப் பொண்ணு எதுக்கு, பொங்கலோட நிறுத்திடலாம்னு. நான்தான், தெனம் சிக்கிகினு நிக்குதே, பார்க்க ஒரு ஆள் வேணுமேன்னு யோசிச்சிகினு இருந்தேன்."

தேவிப்ரியா வழக்கம்போலக் குனிந்துகொண்டாள். தரையில் தேடுவதற்குக்கூட எதுவும் கிடைக்கவில்லை.

கதவு திறந்தது. கமலம் அக்கா.

"சார், தேவிய ஜல்தியா அனுப்புங்க. திரும்பவும் சிக்கிகிச்சு. லாரிக்காரன் காத்துகினு இருக்கான். எத்தன தடவ சொல்லிக் குடுத்தாலும் என் மண்டையில ஏறாது சார், பேஜாரா இருக்குது."

சார் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "போம்மா, போய்ப் பாரு. இதுக்கு ஒரு ஆள் இல்லாம முடியாது போல. சதீஷ்கிட்ட நான் சொல்லிக்கிறேன்."

தேவிப்ரியா கணக்கு அறைக்கு ஓடினாள். திரையைப் பார்த்தாள். லாரி ரசீது ஸ்கேன் ஆகி, சரியான பெயரோடு, சரியான ஃபோல்டரில் இருந்தது. ரிலீஸும் அழுத்தியாகியிருந்தது.

"அக்கா, எல்லாம் சரியாத்தானே இருக்கு?"

கமலம் அக்கா மௌஸை இழுத்து, திரையை அரைப் பார்வை பார்த்தபடி மளமளவென்று கிளிக் செய்து, ஸ்கேனரைத் திரும்பவும் பிடித்துக்கொண்டார்.

"சத்தமாப் பேசாத கண்ணு. சின்ன முதலாளி உன்ன நிறுத்திடலாம்னு அப்பாகிட்ட சொன்னப்போ நான் இங்கதான் உக்காந்துகினு இருந்தேன்," என்றபடி நாற்காலியை அவள் பக்கம் தள்ளினார். "உக்காரு. கொஞ்ச நேரம் கஷ்டப்படற மாதிரி இரு."