பெட்டியை எடுத்துட்டுப் போங்க

“பெட்டியை வந்து எடுத்துட்டுப் போங்க. எங்களுக்கு வேணாம்.”

மனைவி கேபிள் கம்பெனிக்குப் போனில் சொன்னதைக் கேட்டதும், பஸ் டிரைவருக்கு வாயில் ஊற்றிய காபி உள்ளேயும் இறங்கவில்லை, வெளியேயும் வரவில்லை.

பெட்டி என்றால் டி.வி.க்குக் கீழே இருக்கிற ரெக்கார்டர் பெட்டி. கேபிள் கம்பெனி வாடகைக்குக் கொடுத்தது. நேற்று அவர் வண்டியில் இருந்த நேரத்தில் நடந்த கால்பந்து இறுதி ஆட்டம் அதற்குள்தான் பதிந்து கிடந்தது. யார் ஜெயித்தார்கள் என்று தெரிந்துவிடக் கூடாதே என்று காலையிலிருந்து பேப்பரைத் தொடவில்லை. டிப்போவில் காதில் பஞ்சு. கண்டக்டர் வாயைத் திறந்தாலே ஹாரன் அடித்தார்.

கம்பெனி லைனை வெட்டினால் பெட்டி பூட்டிக்கொள்ளும். அப்புறம் உள்ளே இருப்பது கிணற்றில் போட்ட கல்தான்.

“ஏம்மா, இன்னிக்கேவா?” என்று சைகையில் கெஞ்சினார்.

மனைவி ரிமோட்டை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். மறுமுனையில் ஒரு பெண் குரல், தொண்டை கட்டி, கரகரவென்று. முதலில் எடுத்தவனிடம் மனைவி, ‘பதினேழாம் மேஜைக்குக் குடுங்க, அங்கதான் பேசுவேன்’ என்று அடம்பிடித்து வாங்கிய குரல்.

“மேடம், மூணு வருஷமா எங்ககூட இருக்கீங்க.”

“இருந்தது போதும்.”

“பத்து சதவீதம் குறைச்சுத் தரேன் மேடம்.”

“காய்கறிக்காரர் கேக்காமலே அதைக் குறைப்பாரு.”

டிரைவர் பத்து விரலையும் காட்டினார். பத்தே போதும் தாயே, விட்டுவிடு.

“இருபது மேடம்?”

“மாசக் கட்டணம் பாதி. பெட்டி வாடகை கிடையாது. இல்லன்னா இப்பவே வெட்டி விடுங்க. ஒரு பட்டன்தானே?”

“சூப்பர்வைசரைக் கேட்டுட்டு வரேன். வெச்சிடாதீங்க மேடம்.”

போனில் பாட்டு ஓட ஆரம்பித்தது. டிரைவர் பொரிந்து தள்ளினார்.

“கொஞ்சமாவது ஈரம் இருக்கா உனக்கு? அந்தப் பொண்ணுக்குப் பேச்சே வரலை.”

“கேட்டாத்தானே கிடைக்கும்.”

“நீ கேக்குறது போதாதுன்னு தெருவையே கிளப்பி விட்டிருக்க. மாடி வீட்டு வாத்தியார், எதிர் வீட்டு டெய்லர், எனக்கு முடி வெட்டுற சலூன்காரர் வரைக்கும் இந்த மாசம் போன் பண்ணி, விட்டுடுவேன் விட்டுடுவேன்னு மிரட்டி விலையைக் குறைச்சாச்சு. எல்லாருக்கும் அதே பதினேழாம் மேஜை. ஒரே பொண்ணு தலையில எத்தனை பேர்தான் மிளகாய் அரைப்பீங்க?”

“அந்தத் தலை தாங்கும்.”

“நாளைக்கு அவ வேலை போனா?”

பாட்டு நின்றது.

“மேடம், கட்டணம் பாதி. பெட்டி வாடகை ஒரு வருஷத்துக்குக் கிடையாது. எங்ககூடவே இருக்கீங்களா மேடம்?”

மனைவி மீன் தராசைப் பார்ப்பது மாதிரி போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். டிரைவர் இரண்டு கையையும் கூப்பினார்.

“சரி, போங்க. இருக்கேன்.”

போனை வைத்துவிட்டு ரிமோட்டை அவரிடம் நீட்டினாள். “பாருங்க. பாதி விலைன்னா இன்னும் நல்லாத் தெரியும்.”

ஆட்டம் ஓடியது. ஆனால் அந்தக் கரகரப்பு காதைவிட்டுப் போகவில்லை. அவருடைய அணி முதல் கோல் போட்டபோதுகூட ஒரு கைதான் தொடையைத் தட்டியது.

இரண்டாம் பாதி சூடு பிடிக்கும் நேரத்தில் வாசல் மணி அடித்தது. டிரைவர் சோபாவிலிருந்தே காதைப் பொத்திக்கொண்டார்.

“யாரா இருந்தாலும் சரி, யாரு ஜெயிச்சாங்கன்னு மட்டும் சொல்லிடாதீங்க.”

கீழ்வீட்டுக்குப் போன மாதம் குடிவந்த பெண். அவர் அவளைப் படிக்கட்டில் பார்த்ததோடு சரி, பேசியதில்லை. தோளில் ஆபீஸ் பை, கழுத்தில் அட்டை. படியேறி ஓடி வந்ததில் மூச்சு வாங்கியது. நேராகப் போய் அவர் மனைவியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

“வேலை நிரந்தரம்னு எழுதிக் குடுத்துட்டாங்க அக்கா. விட்டுப் போறேன்னு வர்றவங்கள்ல அம்பது பேரையாவது பிடிச்சு வெக்கணும், இல்லன்னா இன்னியோட வீட்டுக்குப் போன்னு சொல்லியிருந்தாங்கல்ல? நீங்கதான் அம்பதாவது ஆளு. அதுல முக்கால்வாசி நீங்க அனுப்பினவங்கதான்.”

“உங்க சூப்பர்வைசர் கேட்டுட்டு இருந்தாரா?”

“ஒரு வார்த்தை விடாம. ‘இந்தம்மாவையே மடக்கிட்டியே’ன்னு கை குடுத்தாரு.”

டிரைவரின் கைகள் காதிலிருந்து தானாக இறங்கின. அதே கரகரப்பு. அட்டையில் பதினேழு.

கோல் வாசலுக்கு நேராகப் பந்து போய்க்கொண்டிருந்தது. ரிமோட்டை எடுத்து அதை அப்படியே அந்தரத்தில் நிறுத்தினார்.

“ஏம்மா, எங்க டிப்போவுல நாப்பது டிரைவருங்க வீட்ல இந்தப் பெட்டிதான் இருக்கு,” என்றார். “அடுத்த மாசம் உன் பக்கத்து மேஜைக்கு, விட்டுடுவேன்னு மிரட்ட ஆள் தேவைப்படுமா?”