சிவப்புக் கோடு போட்ட போல்ட்டு

ரோட்டோரம் நிக்கிற டெலிபோன் பெட்டிக்குள்ள மரியசெல்வம் புது பேட்டரி வெச்சான். ஒவ்வொரு போல்ட்டையும் ஸ்பேனர் போட்டு முறுக்கின பிறகுதான், முறுக்கியாச்சுங்கிறதுக்கு அடையாளமா அதுமேல சிவப்புக் கோடு இழுக்கணும். வேலை சுளுவா முடியட்டும்னு இவன் கோட்டை எல்லாத்துக்கும் முதல்லயே இழுத்துட்டான். நடுவுல ஒரு போன் வந்துச்சு. பேசிட்டுத் திரும்பினா எல்லாத்துலயும் கோடு இருக்கு. கடைசி போல்ட்டு முறுக்காமலே நின்னுபோச்சு.

பேட்டரி அந்தப் போல்ட்டுகிட்ட கெஞ்சுச்சு. போல்ட்டு லூசா இருந்தா சூடேறி பெட்டியே எரிஞ்சிடும்.

"தம்பி, கொஞ்சம் கடகடன்னு ஆடிக் காட்டேன். அவன் திரும்பிப் பார்ப்பான்."

"என்னண்ணே, என் நெத்தியில கோடு தெரியலையா?"

சூப்பர்வைசர் வந்தாரு. போல்ட்டு மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நின்னுச்சு. அவரு டார்ச் அடிச்சு கோட்டைப் பார்த்தாரு, டிக் போட்டுட்டுப் போயிட்டாரு.

"பாத்தீங்களா, பெரிய ஆபீசரே ஒத்துக்கிட்டாரு!"

பத்து நாள் கழிச்சு மத்தியானத்துல கரண்டு போச்சு. ஊரு போனெல்லாம் பேட்டரியை நம்பி ஓட ஆரம்பிச்சதும், போல்ட்டு செவசெவன்னு பழுத்துச்சு.

"ஐயோ, புகையுதே! இப்பவாவது கத்துடா, யாராவது வருவாங்க!"

"கத்தினா, இத்தனை நாளா லூசாத்தான் இருந்தேன்னு தெரிஞ்சிடுமேண்ணே."