தாய் யானை எங்கே?

திரையில் வெள்ளம் பொங்கி வந்த நேரம் பார்த்துத்தான் பக்கத்து இருக்கைக்காரர் எழுந்தார்.

"பாப்கார்ன் துன்னலாம் வா" என்று மகளை வாரித் தோளில் போட்டுக்கொண்டு, சுமித்ராவின் முழங்காலை இடித்தபடி வெளியே போனார். இடித்த வேகத்தில் அவள் செல்போன் நழுவி இருக்கைக்கு அடியில் விழுந்தது.

குனிந்து துழாவி எடுத்து நிமிர்ந்தால், வெள்ளம் வடிந்துவிட்டது. கரையில் குட்டி யானை மட்டும் நின்றது. தாய் யானையைக் காணோம்.

சுமித்ராவுக்கு இது வெறும் பொழுதுபோக்கு இல்லை. திருப்பதியில் செல்போன் கடையில் வேலை. லீவு நாளில் படம் பார்த்துவிட்டு, நிறை என்ன, குறை என்ன என்று யூடியூபில் தமிழில் பேசுவாள். நகரி, புத்தூர், சத்தியவேடு பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் அவள் நல்லா இருக்கு என்று சொன்னால்தான் பிள்ளைகளோடு பஸ் ஏறும். உள்ளதை உள்ளபடி சொல்வாள் என்று பேர். இன்று சாயங்காலமே பேசியாக வேண்டும். முக்கியமான காட்சியைக் கோட்டைவிட்டுவிட்டு என்னத்தைப் பேசுவது?

ஆள் சாவகாசமாகத் திரும்பி வந்தார். அப்பாவுக்கும் மொட்டை, மகளுக்கும் மொட்டை. மலையிலிருந்து இறங்கிய கையோடு வந்திருக்கிறார்கள் போலும், சந்தன வாசனை தூக்கியது. சாமி கும்பிட்டால் மட்டும் போதுமா, பக்கத்தில் இருப்பவரைப் பற்றிக் கொஞ்சம் நினைக்க வேண்டாமா என்று மனசுக்குள் பொருமினாள்.

படம் என்னவோ நன்றாகத்தான் இருந்தது. நிலாவுக்கு அடியில் இருக்கும் ஏரியைத் தேடிப் போகும் குட்டி யானை. துணைக்கு ஒரு கீரி. கீரி தெலுங்கில் வாயைத் திறந்தாலே தியேட்டர் சிரித்தது. மழைக் காட்சியில் நம் சட்டையும் நனைந்த மாதிரி வரைந்திருந்தார்கள். புலிதான் சண்டை போடாமல் பாடம் நடத்திக்கொண்டிருந்தது.

கடைசிப் பாட்டு வந்தது. குட்டி யானை வானத்தை அண்ணாந்து பார்த்தது. மேகங்கள் ஒன்றுசேர ஆரம்பித்தன.

அப்போது பாப்கார்ன் டப்பா கவிழ்ந்தது. பாதி தரையில், பாதி சுமித்ராவின் மடியில்.

ஒண்ணு விடாமல் பொறுக்கு, தியேட்டர்காரங்க திட்டுவாங்க என்று அவர் மகளைக் கீழே இறக்கிவிட்டார். அது சிரித்துக்கொண்டே இருக்கைக்கு அடியில் புகுந்தது. சுமித்ரா எழுந்து துப்பட்டாவை உதறி முடிப்பதற்குள் விளக்குப் போட்டுவிட்டார்கள்.

வாசலில் அவரைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏண்ணா, நீங்க படம் பாக்க வந்தீங்களா, அடுத்தவங்களைப் பாக்க விடாம பண்ண வந்தீங்களா? வெள்ளத்துல அந்தத் தாய் யானை என்ன..."

"அக்கரைக்கு நீந்திப் போயிடுச்சிம்மா" என்றார் அவசரமாக. "அங்க கரும்பு துன்னுக்கினு கீது."

அது எப்படி? அக்கரையில் இருந்தால், குட்டி படம் முழுக்கத் தாயில்லாமல் ஏன் அலைகிறது? அவள் கேட்க வாயெடுப்பதற்குள், "அக்ஷயா, அங்க பாரு கீரி" என்று மகளை அனுப்பினார். வாசல் மூலையில் நின்ற அட்டைக் கீரியைப் பார்க்க அந்தக் குட்டி மொட்டை ஓடியது.

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"செத்துடும்மா. குட்டியைக் கரைக்குத் தள்ளிட்டு அது வெள்ளத்தோட போயிடும். கடைசியில மேகமா வந்து நிக்கும். நேத்தே நான் ஒண்டி வந்து பாத்துட்டேன்."

தெரிந்துமா கூட்டி வந்தீர்கள் என்றாள் சுமித்ரா.

"இவ அம்மா ஆஸ்பத்திரியில கீறா. நாளைக்கு ஆபரேஷன். பயமில்லேன்னுதான் டாக்டர் சொல்றாரு. இவதான், அம்மா திரும்பி வருமான்னு கேட்டுக்கினே கீறா. யானைப் படத்துக்குக் கூட்டிக்கினு போறேன்னு அவ அம்மாதான் சொல்லி வச்சிருந்தா. வேணாம்னா அதுக்கும் அழுவா. உங்க படத்தைக் கெடுத்துட்டேன், மனசுல வச்சிக்காதம்மா."

மொட்டை எதற்கென்றும் இப்போது புரிந்தது.

அதற்குள் குழந்தை திரும்பி வந்தாள். சுமித்ராவை மேலும் கீழும் பார்த்தாள்.

"அக்கா, நீ பாத்தியா? அம்மா யானை நெஜமா அக்கரைக்குப் போச்சா? நைனா சும்மா சும்மா பொய் சொல்லும்."

அப்பாக்காரர் தரையைப் பார்த்தார்.

எந்தப் படத்தைப் பற்றியும் இதுவரை பொய் சொல்லாத சுமித்ரா, குழந்தைக்கு நேராகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

"பாத்தேனே. தும்பிக்கையை ஆட்டி ஆட்டிக் குட்டியைக் கூப்பிட்டுச்சு. வெள்ளம் வடிஞ்சதும் வீட்டுக்கு வந்துடும்."

"அதான் நைனாவும் சொல்லிச்சு" என்று குழந்தை பெரிய மனுஷி மாதிரி மொட்டைத் தலையை ஆட்டினாள். தன் துப்பட்டா மடிப்பில் சிக்கியிருந்த கடைசிப் பாப்கார்னை எடுத்து சுமித்ரா அவள் வாயில் போட்டாள்.

சாயங்காலம் வழக்கம்போல யூடியூபில் வந்தாள். கீரியைப் புகழ்ந்தாள், மழையைப் புகழ்ந்தாள். பிறகு குறைக்கு வந்தாள்.

"புலி ரொம்பப் பாடம் நடத்துது. அதைத் தவிர ஒண்ணுமில்ல, குழந்தைங்களோட தைரியமா போங்க. வெள்ளம் வரும்போது மட்டும் சின்னதுங்களைத் தூக்கிக்கினு வெளிய போயி பாப்கார்ன் வாங்குங்க. கடைசிப் பாட்டு ஆரம்பிச்சதும், மறக்காம அதைக் கீழ கொட்டிடுங்க."