இனி எங்கை போகப்போறம்

வினோலியா வயர்கள் பூட்டச் சின்ன யூ.எஸ்.பி. ஹப்தான் கேட்டாள். லப்டொப்போடு கைப்பைக்குள் அடங்கிவிடும். ஃபோனில் அதையும் டொக்கிங் ஸ்ரேசனையும் ஒப்பிட்டுப் பார்த்த அவள் கணவன் கிளமென்ற் மசியவில்லை.

"டொக்கிங் ஸ்ரேசன் எடுப்பம். மேசையில ஒருக்காப் பூட்டினால் திரை, பிரின்டர் எல்லாம் அதிலயே கிடக்கும்."

"செங்கல்லு மாதிரிக் கிடக்கு. தூக்கித் திரியேலாது."

"ஏனப்பா தூக்க வேணும்? இடம்பெயர்ந்து திரிஞ்ச காலம் முடிஞ்சுது. சொந்தக் காணி, சொந்த வீடு. இனி இந்த அரிப்பு ஊரை விட்டு எங்கை போகப்போறம்?"

அந்தச் சொல்லை அவன் வாயால் கேட்க அவள் எத்தனை வருசம் காத்திருந்தாள். ஓம் என்றுவிட்டாள்.

பொதி வந்த அன்றே கிளமென்ற் எல்லாவற்றையும் பூட்டி, வயர்களைச் சுவரோடு ஆணியடித்து இறுக்கினான். வினோலியா வெறும் பெட்டியைக் குப்பையோடு எரிக்க எடுத்தாள்.

"எரிச்சுப்போடாதையும். இஞ்ச தாரும்."

பின்னறையில் ஏணி வைத்து, பெட்டியை மேல்தட்டில் ஏற்றினான். ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவள் அப்போதுதான் கண்டாள். ஃபான், ரீவி, அயன்பெட்டி என்று இந்த வீட்டுக்கு வந்த நாள்முதல் வாங்கிய எல்லாவற்றின் பெட்டிகளும் அங்கே அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றின் மேலும் ஒரு சுருள் கயிறு.

"என்னத்துக்கப்பா இதெல்லாம்?"

"சும்மா கிடக்கட்டும்," என்றான் அவன், கீழே பாராமல். "ஊரை விட்டு வெளிக்கிடச் சொன்னால் கெதியாக் கட்டலாம்."